சர்வமதக் கருத்தரங்கா, சேர்ந்து படிக்கும் வகுப்பா? மட்டக்களப்பிலிருந்து ஒரு கேள்வி

வாவிக்கரை | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்கள் பிரதேசச் சர்வமதக் குழுவிலும் இருக்கிறேன். தீவிரவாதத்தைத் தடுப்பதற்கான இளைஞர் வேலைத்திட்டம் என்ற பெயரில் குழுவுக்குக் கொஞ்சம் நிதி வரப்போகிறது. வரைபு எழுதும் பொறுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

குழுவில் பலர் நினைப்பது ஒரு நாள் கருத்தரங்கு. மண்டபம், குத்துவிளக்கு, நான்கு மதத் தலைவர்களின் உரை, சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இப்படிப்பட்ட பல கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். பேசியவர்கள் நல்ல மனிதர்கள், மனதாரத்தான் பேசினார்கள். ஆனால் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வந்தார்களோ அந்தக் கூட்டத்தோடேயே உட்கார்ந்தார்கள், அந்தக் கூட்டத்தோடேயே திரும்பிப் போனார்கள்.

எனக்குத் தெரிந்து உண்மையில் வேலை செய்த ஒன்று தற்செயலாக நடந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது எங்கள் இரசாயனவியல் ஆசிரியரால் தூரத்திலிருந்து வர முடியவில்லை. ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளியுள்ள முஸ்லிம் பாடசாலையில் இரசாயனவியல் ரீச்சர் அந்த ஊர்க்காரர். அவர்களுக்குப் பௌதிகவியலுக்கு ஆள் இல்லை. இரண்டு அதிபர்களும் பேசி, கிழமையில் இரண்டு பின்னேரம் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தோம். எங்கள் பக்கம் 13 பேர், அவர்கள் பக்கம் 9 பேர்.

முதல் இரண்டு கிழமை தனித்தனி வாங்குகளில்தான் இருந்தார்கள். மூன்றாம் கிழமை எளிய ஊசல் பரிசோதனை. எங்களிடம் இருந்தது நான்கு நிறுத்தற்கடிகாரங்கள். ஒருவர் ஊசலை ஆட்ட, ஒருவர் எண்ண, ஒருவர் நேரம் பார்க்க வேண்டும். ஆட்களைக் கலந்துதான் குழு பிரிக்க முடிந்தது. யாரும் நல்லிணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசிப்பு பிழைத்துப் போனால் யாருடைய பிழை என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

நான்கு மாதம் கழித்து ஒரு இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. 'எங்கட பொடியனை அவங்கள் வெட்டிப்போட்டாங்கள்' என்று. ஏழரை மணிக்குச் சந்தியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஊசல் குழுவில் இருந்த தன் சினேகிதிக்குப் போன் எடுத்தாள். மோட்டார் சைக்கிள் மதிலில் மோதியிருக்கிறது. பொடியனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதே அந்த ஊர்க்காரர்கள். பொடியனே பேசிய வீடியோ பத்து நிமிடத்தில் வந்தது. கூட்டம் கலைந்தது. அந்தப் பிள்ளையிடம் ஒரு போன் நம்பர் இருந்தது, அவ்வளவுதான். என்னிடம்கூட அது இருக்கவில்லை.

அதிபர் மாறிய பிறகு அந்த வகுப்பு நின்றுபோனது. இந்த நிதியை அதற்குக் கேட்கலாமா? 'இது ரியூசன், தீவிரவாதத் தடுப்பு இல்லை' என்று சொல்வார்கள். என்ன பதில் சொல்லலாம்?

சிறுவாணி | செவ்வாய், இரவு 9.25

ஐயா, கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு அடிப்படைக் கேள்வி. அரசுப் பள்ளி என்றால் எல்லோரும் ஒன்றாகத்தானே படிப்பார்கள்? முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்கிறீர்களே, இரண்டுமே அரசுப் பள்ளிகளா?

வாவிக்கரை | செவ்வாய், இரவு 9.58

ஆம் தம்பி, இரண்டும் அரச பாடசாலைகள்தான். 1945இல் வந்த இலவசக் கல்வி எங்கள் நாட்டின் பெருமை. ஆனால் பாடசாலைகள் சிங்கள மொழி, தமிழ் மொழி என்று பிரிந்தே வளர்ந்தன. தமிழ் மொழிக்குள் முஸ்லிம் பாடசாலைகள் தனி வகை. அவற்றுக்குத் தவணை நாட்காட்டியும் வேறு, நோன்பு மாதத்தில் விடுமுறை வரும். சமயம் சாதாரண தரம் வரைக்கும் கட்டாய பாடம், அவரவர் தம் சமயத்தை மட்டும் படிப்பார்கள். நகரங்களில் கலந்து படிக்கும் பெரிய பாடசாலைகள் இருக்கின்றன. கிராமத்தில் குறைவு.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டக்களப்பு மத்தி என்றொரு கல்வி வலயம் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எல்லாம் அதில் வரும். வரைபடத்தில் பார்த்தால் இவை ஒன்றோடொன்று ஒட்டாத ஊர்கள், இடையில் தமிழ் ஊர்கள். முஸ்லிம் பாடசாலைகளை ஒரே வலயத்தில் சேர்த்ததால் வந்த வடிவம் அது. அதனால் பக்கத்துப் பாடசாலை ஆசிரியரைப் பயிற்சிப் பட்டறையில்கூட நான் சந்திப்பதில்லை.

எங்கள் இரண்டு சமூகமும் பேசுவது ஒரே தமிழ். குடி என்று சொல்லும் குல முறையும் ஒன்று, தாய் வழிதான். மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கமும் ஒன்று. இதைச் சொன்னால் என் மாணவர்களுக்கு ஆச்சரியம்!

ஓடாவி பேத்தி | புதன், காலை 6.10

சேர், சுபஹு தொழுதுவிட்டு வாசித்தேன். நான் காத்தான்குடி. சொல்லாமல் இருக்க முடியாத இரண்டு விசயங்கள்.

ஒன்று. 'கல்வி கொடுத்தால் தீவிரவாதம் போகும்' என்ற வசனத்தை உங்கள் வரைபில் எழுதிவிடாதீர்கள். உயிர்த்த ஞாயிறன்று குண்டு கட்டிப் போனவர்களில் இருவர் கொழும்பின் பெரிய வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவரின் மகன்கள். இன்னொருவர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். பணமும் படிப்பும் அவர்களுக்குக் குறைவில்லை.

இரண்டு. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானை எங்கள் ஊர்தான் முதலில் வெளியே தள்ளியது. படித்த மத்ரஸாவிலிருந்தே விலக்கினார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூபி வழி ஆட்கள் மீது அவருடைய கூட்டம் பாய்ந்தபோது அடிபட்டதும் முஸ்லிம்கள்தான். பொலிசுக்கும் மேலிடத்துக்கும் முறையிட்டவர்களும் முஸ்லிம்கள்தான். மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைப் பற்றிய விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவரை 2019 மார்ச்சில் வீட்டில் வைத்துத் தலையில் சுட்டார்கள். குண்டு வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு. அவருக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைத்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வமதக் கூட்டத்திலும் எங்கள் மௌலவி எழும்பி 'இஸ்லாம் சமாதான மார்க்கம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சிறுபிள்ளையில் கேட்காத பேச்சு இது. எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் பிறகு கைகொடுப்பது போல இருக்கும். உங்கள் வகுப்பில் அது இல்லை. அங்கே எங்கள் பிள்ளை எதையும் நிரூபிக்க வேண்டாம், ஊசலை எண்ணினால் போதும். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

ஆனால் ஊசல் வகுப்பு சஹ்ரானைத் தடுத்திருக்காது. அவர் பேசியது நல்ல தமிழில், இணையத்தில், கோபமான பதினெட்டு வயதுப் பையன்களிடம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, 2014 அளுத்கம, 2018 திகன என்று முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறை எல்லாம் அவர்கள் கண்முன் நடந்தவை. அவர் எடுத்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த, பையன்கள் மதிக்கும் ஆலிம்கள் வேண்டும். அந்த வேலையை எங்கள் வீட்டுக்குள் நாங்கள்தான் செய்ய முடியும்.

நீர்கொழும்பான் | புதன், காலை 11.30

ஓடாவி பேத்தி ராத்தா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் கத்தோலிக்கன். கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலில் 100க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீடு. ஒரே நாளில் இத்தனை பெட்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

அந்தக் கிழமை எங்கள் பொடியன்களுக்கு இருந்த கோபத்தை நான் பார்த்தேன். யாரையும் தொடாதீர்கள் என்று கர்தினால் கேட்டுக்கொண்டார், பங்குத் தந்தைமார் தெருவில் நின்றார்கள். அப்படியும் நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தான் அகதிகள், அவர்களே தங்கள் நாட்டில் தீவிரவாதத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள், வீடுகளை விட்டு ஓட வேண்டி வந்தது. மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம் கடைகள் எரிந்தன. எங்கள் சாவின் பெயரைச் சொல்லி எரித்தார்கள். அது எங்களுக்கு இரண்டாவது காயம்.

வாத்தியார் ஐயா, உங்கள் வகுப்பு நல்லது. ஆனால் தடுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு 2019 ஏப்ரல் 4தான் நினைவுக்கு வரும். அன்றைக்கே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. யாரும் தேவாலயத்துக்குச் சொல்லவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நல்லிணக்கப் பாடத்தை என் பிள்ளை நம்ப மாட்டான்.

கொக்கட்டிமரம் | புதன், மாலை 5.45

எல்லோரும் ஒரே பக்கம் எழுதுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் மட்டக்களப்பு, சைவன். என் மகளைச் சர்வமத நிகழ்ச்சிகளுக்கு விடமாட்டேன். எங்கள் ஊரில் இலவச ஆங்கில வகுப்பு என்று தொடங்கியது கடைசியில் ஜெபக் கூட்டமாக முடிந்தது. இரண்டு குடும்பம் மாறிவிட்டது. அவர்கள் விருப்பம், சரி. ஆனால் வகுப்பு என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்?

அப்புறம் 1990, போர்க்காலம். பழையதைக் கிளற வேண்டாம் என்பீர்கள். என் அம்மாவின் சகோதரர் வீரமுனையில் இருந்தவர். பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழ்ச் சனத்தை முஸ்லிம் ஊர்காவல் படைக்காரர் வெட்டினார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை மறைத்துவிட்டு ஊசல் ஆட்டினால் சரியாகிவிடுமா?

ஓடாவி பேத்தி | புதன், இரவு 8.20

அண்ணா, மறைக்கச் சொல்ல மாட்டேன். அதே ஆகஸ்டில், 3ஆம் திகதி, எங்கள் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். 100க்கு மேல். சின்னப் பிள்ளைகளும். குண்டு துளைத்த சுவரை இன்னும் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதைச் சொல்லி வளர்ந்தார்கள்.

எனக்கு வீரமுனை பற்றி 24 வயதில்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ச் சினேகிதி சொன்னாள். எங்கள் பள்ளிவாசலைப் பற்றி அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் அழுதோம். நான் படித்த எந்தப் பாடநூலிலும் இரண்டில் ஒன்றுகூட இல்லை.

கொக்கட்டிமரம் | புதன், இரவு 9.05

பள்ளிவாசல் சம்பவம் தெரியும். ஆனால் ஒரே மாதம் என்று சேர்த்து யோசித்ததில்லை தங்கச்சி.

வந்தாறுமூலை மாணவன் | புதன், இரவு 10.15

இடையில் ஒரு ஆய்வைச் சொல்லலாமா? வட ஈராக்கில், ஐ.எஸ். தீவிரவாதிகளால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் உதைபந்தாட்டக் குழுக்களை வைத்து சல்மா மூசா என்பவர் செய்தது. 2020இல் வெளியானது. சில குழுக்களில் எல்லோரும் கிறிஸ்தவர்கள், சிலவற்றில் மூன்று முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார்கள். எதில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் போலத் தெரிவு செய்தார்கள். கலந்து விளையாடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலந்த குழுவில் சேர முன்வந்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்கள் மீதான நம்பிக்கை அவ்வளவாக மாறவில்லை. மோசூலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் வரக்கூட அவர்கள் கூடுதலாக முன்வரவில்லை.

சேர் சொன்ன கதையும் இப்படித்தான் எனக்குப் படுகிறது. 22 பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தெரியும். அது அந்த இரவு ஊரைக் காப்பாற்றியது. ஆனால் அந்த 22 பேருக்கும் 'மற்றவர்கள்' என்ற மொத்தக் கூட்டத்தின் மேல் பயம் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு வகுப்பில் பேச்சும் வேண்டும்.

லகான் கரை | வியாழன், அதிகாலை 3.30

வட அயர்லாந்தின் பெல்பாஸ்டிலிருந்து. நான் இங்கே தாதி, இரவு வேலையில் இருக்கிறேன். இந்த ஊரும் அப்படித்தான் அண்ணா. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை. இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் இன்னும் மதில் நிற்கிறது. சில இடத்தில் இரவானால் கதவைப் பூட்டுவார்கள்.

1981இல், இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, சில பெற்றோர் சேர்ந்து 28 பிள்ளைகளோடு லகான் கல்லூரியைத் தொடங்கினார்கள். அரசு தொடங்கியது அல்ல. இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில். என் மகன் இப்படியான வேறொரு பாடசாலையில் படிக்கிறான். கத்தோலிக்கப் பிள்ளைகளை முதல் நற்கருணைக்கு அங்கேயே ஆயத்தம் செய்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். யாருடைய சமயத்தையும் கழற்றி வாசலில் வைக்கச் சொல்லவில்லை. கொக்கட்டிமரம் அண்ணாவின் பயத்துக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம்.

ஆனால் 40 வருடத்துக்குப் பிறகும் பத்தில் ஒரு பிள்ளைகூட இப்படியான பாடசாலைகளில் இல்லை. அதனால் 2016இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பாடசாலைகள் தனித்தனியாகவே இருக்கும், சில பாடங்களை மட்டும் சேர்ந்து படிப்பார்கள். அண்ணா, எரிபொருள் இல்லாததால் நீங்கள் செய்தீர்களே, அதுதான் இங்கே சட்டம்! உங்கள் குழுவிடம் இதைச் சொல்லுங்கள். ரியூசன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஆசிரியர்கள் பயப்படுவார்கள். எங்கள் மகனின் ரீச்சர் சொன்னார், முதல் வருடம் குண்டு, மதில் என்று பேச்சு வந்தாலே பாடத்தை மாற்றிவிடுவாராம். ஒன்றாக இருப்பது சுலபம், ஒன்றாக இருந்துகொண்டு அதைப் பேசுவதுதான் கஷ்டம். பிள்ளைகளை அழைப்பதற்கு முன் ஆசிரியர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

சிறுவாணி | வியாழன், காலை 9.00

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் அதற்கு முந்தைய ஆண்டு கலவரமும் கோவையை இரண்டாக வெட்டிப் போட்டன. 2022 அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய நாள் கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் அருகே கார் வெடித்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் 98தான் நினைவு. அடுத்த சில நாட்களில் ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே போய்ப் பூசாரிகளைச் சந்தித்தார்கள். இது மேடை நிகழ்ச்சி மாதிரித்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் படம் என் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதல் என்று நான் பார்த்தேன். அதனால் மதத் தலைவர்களை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள் ஐயா. அவர்கள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போனால் பலன் இருக்கிறது.

வாவிக்கரை | வியாழன், இரவு 10.40

எல்லோருக்கும் நன்றி. எழுதி முடித்துவிட்டேன். என்னென்ன மாற்றினேன் என்று சொல்கிறேன்.

'கல்வி தீவிரவாதத்தை ஒழிக்கும்' என்ற வரி முதல் பக்கத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். வதந்தியால் வரும் மோதலைத் தடுப்பது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எங்களால் முடிந்தது அது. மௌலவிமார் செய்ய வேண்டியது, பொலிசார் செய்ய வேண்டியது எல்லாம் எங்கள் கணக்கில் வராது என்று தனியாக ஒரு பத்தி. நீதி பற்றிய வரியும் இருக்கிறது, நீர்கொழும்பான்.

24 சனிக்கிழமைகள், இரண்டு பாடசாலையிலும் மாறி மாறி. பௌதிகவியலும் இரசாயனவியலும். அதில் ஒரு பாடம் அம்பாறை. 2018 பெப்ரவரியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டதாகச் சொல்லிப் பள்ளிவாசலை அடித்தார்கள். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பார்த்தபோது அது மாவுக் கட்டி. மாவா இல்லையா என்று அயடீன் கரைசல் ஒரு துளி விட்டால் நீலமாகி நிற்கும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பரிசோதனையை வகுப்பில் செய்யப் போகிறோம். ஒரு சாப்பாட்டில் போட்டால் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இருக்கிறதா என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும். திகன வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக 2020இல் முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டதையும் சொல்வேன்.

1990ஐ இந்த வருடம் பிள்ளைகளிடம் கொண்டுபோகவில்லை. லகான் கரை தங்கச்சி சொன்ன மாதிரி முதலில் ஆசிரியர்கள் இரண்டு நாள் இருந்து பேசுவோம். இரண்டு ஊருக்கும் போவோம், வீரமுனைக்கும் மீரா ஜும்ஆப் பள்ளிக்கும். எனக்கே பயமாக இருக்கிறது, அதையும் குழுவிடம் சொன்னேன்.

கொக்கட்டிமரம், வகுப்பில் எந்தச் சமயத்தின் வழிபாடும் இருக்காது, பாடத் திட்டம் முழுவதும் பெற்றோர் கையில் முன்கூட்டியே தரப்படும், எந்தப் பெற்றோரும் வந்து கடைசி வாங்கில் இருக்கலாம் என்று எழுத்தில் போட்டிருக்கிறேன். உங்கள் மகள் உயர்தரத்தில் என்ன படிக்கிறார்?

கொக்கட்டிமரம் | வியாழன், இரவு 11.15

உயிரியல். பௌதிகவியலில்தான் பின்தங்கி இருக்கிறாள். முதல் சனிக்கிழமை நானும் வந்து இருப்பேன். பிறகு சொல்கிறேன்.

ஓடாவி பேத்தி | வெள்ளி, காலை 6.25

சேர், அனுப்புவதற்கு முன் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். 24 சனிக்கிழமையில் நான்கு நோன்புக்குள் வரும். அந்த மாதம் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை, உங்களுக்கு இல்லை. பின்னேரம் வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்குக் களைப்பு.

வாவிக்கரை | வெள்ளி, காலை 6.50

நல்ல வேளை சொன்னீர்கள். அந்த நான்கையும் காலை 7.30க்கு மாற்றிவிட்டேன், எங்கள் பாடசாலையில். அந்த நான்கில் கடைசிச் சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளும் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரமாட்டார்களாம். பழைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி நேற்று இரவு போனில் சொன்னாள்.